நிறம் என்ற கட்டம்

குழி ஏழு. நூற்றுப் பத்து சென்டிமீட்டர் ஆழம்.
கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்புத் துண்டு, ஒன்று.
நிறம் என்ற கட்டத்தில்
பச்சை என்று எழுதியது நான்தான்.
படித்துறையின் கடைசிக் கல்லில்
பாசி காய்ந்தால் வருமே, அந்தப் பச்சை.

எடுத்துக் கொடுத்தவள் முப்பிடாதி.
கொற்கைக் குளத்துக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த வெயிலுக்கு
அதை ஒரு தடவை தூக்கிப் பிடித்துவிட்டு,
"செவசெவன்னு இருக்கு சார்" என்றாள்.
நான் நிமிரவில்லை.
ஆத்தூர் வெற்றிலை போடுகிற வாய்,
எல்லாம் சிவப்பாகத்தான் வரும்
என்று நினைத்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

டீ வேளையில் அவள் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாள்.
பத்துப் பேரும் தள அலுவலரிடம் சொன்னார்கள்.
அவர் பதிவேட்டைப் புரட்டினார்.
"பச்சை இங்கே இருக்கு.
அப்போ சிவப்பு எங்கே?"

தூக்குச்சட்டியைக் கவிழ்த்தார்கள். பழைய சோறு, நாரத்தங்காய்.
முந்தி முடிச்சை அவளே அவிழ்த்தாள்.
ஏரல் கடையில் கம்மல் அடகு வைத்த சீட்டு,
பஸ்ஸுக்குப் பதினைந்து ரூபாய்.
"ரெண்டு இல்ல சார், ஒண்ணுதான்" என்றாள்.
ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.
மண்வெட்டியைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் ராத்திரி கொட்டகையில் கரண்ட் போயிற்று.
படம் எடுக்க வேண்டிய பொருள்கள் பாக்கி.
செல்போனைக் குப்புறப் போட்டு டார்ச்சை எரியவிட்டேன்.
துண்டு எப்படி அதன்மேல் வந்தது,
நானே வைத்தேனா, கை தட்டி நகர்ந்ததா, தெரியாது.

சிவப்பு.
விளக்கை உள்ளங்கையால் பொத்தினால்
விரலிடுக்கில் நம் ரத்தமே எரியுமே, அது.
வெளிச்சத்தை முன்னால் கொண்டுவந்தேன், பச்சை.
பின்னால் கொண்டுபோனேன், சிவப்பு.
கொசு கடிக்கக் கடிக்க
விடியும்வரை இதையே செய்துகொண்டிருந்தேன்.

ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது.
கண்ணாடிக்குள் தங்கம் இருக்கிறதாம், வெள்ளியும்.
ஏரல் கடைக்காரர் உரைகல்லில்
ஒட்டக்கூடச் செய்யாத அளவு.
ரோமாபுரியில் உலை ஊதியவன்
தெரிந்துதான் போட்டானா,
பக்கத்துத் தட்டானின் அரத்தூள் பறந்து விழுந்ததா,
தாளில் இல்லை.
எத்தனை பேர் மூச்சடக்கி எடுத்த முத்துக்கு
இது ஈடாகக் கரை இறங்கியது, அதுவும் இல்லை.
பகலில் பச்சையில் ஊற்றி,
இரவில் விளக்குக்கு முன்னால் சிவப்பை நீட்டியதற்காக
அன்றைக்கும் இங்கே ஒருத்தி
முடிச்சவிழ்த்துக் காட்டியிருப்பாளோ.

பதிவேட்டில் அடித்தல் கூடாது.
ஒற்றைக் கோடு, மேலே திருத்தம், ஓரத்தில் சுருக்கொப்பம்.
கட்டம் ஒரு நிறத்துக்குத்தான் அகலம்.

உமரிக்காட்டில் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.
முழுக்கச் சொன்னேன். டார்ச், தங்கம், கோடு எல்லாம்.
கயிற்றைப் பல்லில் கடித்தபடி கேட்டாள்.
முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு,
"சரி சார். ரெண்டு நாள் கூலி நிக்குதே,
அத எந்தக் கட்டத்துல எழுதியிருக்கிய?"