ஒரு வெற்றிடம் நீக்கப்பட்டது

பதினோரு ஆண்டுகளாக
என் நிரல் ஒரு சின்னப் பொய் சொல்லி வந்தது.
குறியைத் திறந்து
உள்ளிருப்பதை எடுத்துத் தரும்போது
முன்னால் ஓர் இடைவெளி
தன் பங்காகச் சேர்த்துத் தரும்.
யாரும் புகார் சொன்னதில்லை.
எனக்கே தெரியாது.

வெள்ளி இரவு, காட்பாடி, காந்தி நகர்.
மின்விசிறி வெக்கையை அரைத்துக்கொண்டிருந்தது.
நான்காம் பதிப்பு.
ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள்
பச்சை, பச்சை, பச்சை.
யாரோ புதிதாகச் சேர்த்த ஒன்று மட்டும் சிவப்பு.
தோண்டினேன். அந்த இடைவெளி.
ஒரே வரி. அழித்தேன்.
மாற்றக் குறிப்பில் எழுதினேன்:
"தேவையற்ற ஒரு வெற்றிடம் நீக்கப்பட்டது."
வெளியிட்டுவிட்டு
மீந்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.
சரக்கு வண்டி ஒன்று
ஸ்டேஷனில் நிற்காமல் போனது.

திங்கள் காலை ஆம்பூரிலிருந்து ஃபோன்.
தஸ்லீம் அகமது, ஷூ கம்பெனி, லேபிள் பிரிவு.
"மேடம், நாப்பத்திரெண்டு எல்லாம் ரெண்டு ஆயிடுச்சி.
முப்பத்தொம்பது, ஒம்பது.
நாப்பது, பூஜ்யம்.
பூஜ்யம் சைஸு காலு யாருக்கு மேடம் இருக்குது?"

சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்திருந்தார்கள்.
அவர்கள் நிரலை வாங்கிப் பார்த்தேன்:
வரும் ஒவ்வொரு அளவிலும்
முதல் எழுத்தை வெட்டு.
பக்கத்தில் ஒரு குறிப்பு,
"எப்பவும் ஸ்பேஸ்தான் வரும். யோசிக்காதே."
எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஆறு வருஷம்.
என் பிழை மேல் தன் பிழையைச் சாய்த்து வைத்திருக்கிறார்.
இரண்டும் ஒன்றையொன்று தாங்கி
நன்றாகத்தான் நின்றிருக்கின்றன.
நான் என்னுடையதை உருவிவிட்டேன்.

விதி என் பக்கம்.
சொல்லவும் சொன்னேன்:
"தப்பு உங்க பக்கம்தான் சார்."
"இருக்கலாம் மேடம்.
சனிக்கிழமை ராத்திரிலேர்ந்து
நாலு பொம்பளைங்க
லேபிளைப் பிச்சிக்கினு இருக்காங்க."

லத்தேரி, குடியாத்தம், வளத்தூர்.
மடியில் கணினி.
மேல்பட்டி தாண்டும்போது திருத்தம் முடிந்தது.
பச்சகுப்பத்தில் பேட்டரி தீர்ந்தது.

அறுநூறு ஜோடி.
ஷூ நாக்கின் உள்பக்கம் ஒட்டிய லேபிள்.
தின்னர் தொட்டால் தோல் வெளுத்துவிடுமாம்,
நகம்தான்.
சபீனா, குணவதி, அலமேலு,
பெயர் சொல்லாத ஒருத்தி.
ஸ்டூலை நகர்த்தி இடம் கொடுத்தார்கள்.
"நீ யாரும்மா?"
"அந்த இடைவெளிய எடுத்தவ."
குணவதி கையிலிருந்த ஷூவைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"ஒண்ணுமே இல்லாதத
எப்பிடி எடுப்ப?"

எனக்குப் பதில் தெரியும்.
நீளமான பதில்.
பேசாமல் அடுத்த ஜோடியை எடுத்தேன்.
பன்னிரண்டாவதில் நகம் உடைந்தது.
பத்தொன்பதோடு நிறுத்திவிட்டேன்.
அவர்கள் நிறுத்தவில்லை.

இரவு, 4.0.1.
"பழைய வெற்றிடம் வேண்டுவோர்
கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்."
நகங்களைப் பற்றி ஒரு வரி எழுதிப் பார்த்து
மாற்றக் குறிப்பில் அதற்கு இடமில்லை என்று
எடுத்துவிட்டேன்.

குளிக்கும்போதுதான் கவனித்தேன்,
முழங்கையில் ஒரு லேபிள்.
அளவு 0.
தண்ணீர் பட்டதும்
தானாக வந்துவிட்டது.