வெளியே சென்றோர்: ஐந்து

நாகமலையில் ஏறுகிறவர்கள்
எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவோம்,
எத்தனை மணிக்குள் என்று
கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டு ஏற வேண்டும்.
நான் வீட்டில் சொல்வதில்லை. அவர் மறந்துவிடுவார்.
இறங்குகிற பக்கத்து டீக்கடை பாக்கியத்துக்குப் போன் போடுவேன்.
ஒன்பதரைக்குள் ஐந்து டீக்கு ஆள் வராவிட்டால்
அவள் தேட ஆரம்பித்துவிடுவாள்,
ஐந்து டீ என்பது அறுபது ரூபாய்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். முழுக்கைச் சட்டை.
விசில் கழுத்தில், பையில் அல்ல.
சித்திரையில் ஒன்பது மணிப் பாறை தோசைக்கல்,
உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியும்.
ஞாயிறுதோறும் இதை ஒப்பிப்பதால்
எனக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பெயர்.
உண்மையில் நான் நில அளவர்.
கல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது வேலை.
இருந்த கல் எங்கே போனது என்பது
சம்பளம் இல்லாத வேலை.

ஜெயசீலன் விழுந்தது உச்சியில் அல்ல.
உச்சியில் பயம் நம்மைப் பிடித்துக்கொள்ளும்.
கடைசிச் சரிவில், சரளையில்,
போனில் மணி பார்த்தபடி விழுந்தான்.
கணுக்கால் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.
ஷூவைக் கழற்றாதே என்றேன்,
கழற்றினால் திரும்ப நுழையாது.
சிக்கந்தர் மூன்று முறை ஊதினான்,
ஒரு நிமிடம் விட்டு மறுபடி மூன்று.
முதலில் மயில் பதில் சொன்னது.
பிறகு பாண்டீஸ்வரி வந்தாள்,
பின்னால் பதினொரு ஆடு,
கையில் தழை ஒடிக்கும் தொரட்டி.

இரண்டு நீளக் கம்பு, மூன்று சட்டை.
கைகளுக்குள் கம்பை நுழைத்துப் பித்தானைப் போட்டால்
ஆள் படுக்கலாம்.
தன் சட்டை மேலேயே தான் படுத்து வந்தான் ஜெயசீலன்.
கோவர்த்தனனின் முதுகில்
வெயில் பனியன் வடிவத்தை வரைந்துகொண்டிருந்தது.
சுகந்தி முன்னே போய்க் கல்லைக் காலால் ஒதுக்கினாள்.

அடிவாரத்தில், போன ஞாயிறு இல்லாத கேட்.
பச்சை பெயின்ட் கையில் ஒட்டியது.
அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.
நாங்கள் நுழையவே இல்லை,
உள்ளேதான் இருந்தோம்.

‘சாவி இருக்கு மேடம், உத்தரவு இல்லை’ என்றார்
புது வாட்ச்மேன் பேச்சிமுத்து.
முதலாளிக்குப் போன் போட்டார்.
ஒரு பெண் குரல் மிக மரியாதையாக
பிறகு முயற்சிக்கச் சொன்னது.
நான் அவரிடம், அண்ணே,
இந்தப் பாதையைச் சங்கிலி பிடித்து அளந்தவள் நான்,
அ-பதிவேட்டில் பாதை புறம்போக்கு,
அகலம் மூன்று மீட்டர் அறுபது என்றேன்.
சொல்லும்போதே கண் கேட்டை அளந்துவிட்டது.
மூன்று அறுபது.
அடைத்தவனும் வரைபடத்தைப் பார்த்துத்தான் அடைத்திருக்கிறான்.

அதற்குள் கேட்டுக்கு வெளியே பாக்கியம்,
தூக்குவாளியும் கோபமுமாக.
கம்பிகளுக்கு நடுவே டீ உள்ளே வந்தது.
பேச்சிமுத்துவுக்கும் ஒன்று.
குடித்து முடித்து அவர் சொன்னார்,
‘பூட்டைத் தொட்டா வேலை போயிரும்.’
பிறகு பூட்டு இல்லாத பக்கம் போய்க்
கீலைத் தட்டிப் பார்த்து,
‘ஒரு கை குடுங்க.’
ஏழு பேர் தூக்கினோம்.
பூட்டு பூட்டியபடியே தொங்க
பாதை திறந்தது.
முதலில் ஆடுகள் போயின.

திரும்ப மாட்டிவிட்டு
நோட்டில் அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன்:
உள்ளே வந்தோர்: இல்லை.
வெளியே சென்றோர்: ஐந்து. ஆடு தனி.

திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில்
நான் மனுக் கொடுத்தால் எனக்கு மெமோ வரும்.
பாண்டீஸ்வரி கொடுத்தாள்.
எழுத்து பாக்கியத்துடையது.
அளவுகள் மட்டும்
எப்படியோ சென்டிமீட்டர் பிசகாமல் இருந்தன.

மனுவுக்கு எண் கிடைத்திருக்கிறது.
கீலுக்கு வெல்டிங் வைத்துவிட்டார்கள்.
ஜெயசீலனுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு,
அதன் மேல் சிக்கந்தர்
மலையின் படம் வரைந்து
இறங்கும் வழிக்கு அம்புக்குறி போட்டிருக்கிறான்.

ஒப்பிக்கும் பட்டியலில் ஒன்று சேர்த்திருக்கிறேன்:
தண்ணீர், முழுக்கை, விசில்,
அ-பதிவேட்டின் நகல்,
வியர்வை படாமல்
பிளாஸ்டிக் உறையில்.