இரண்டு மணிக் கட்டம்

திருத்துறைப்பூண்டி பைபாசில்
கல்யாண மண்டபமாய் இருந்து, ஓடாமல்,
முதியோர் பராமரிப்பு இல்லமான கட்டடம்.
பந்தி நடந்த கூடத்தில் பதினெட்டுக் கட்டில்.
கை கழுவ வரிசையாய்ப் பன்னிரண்டு குழாய்;
தண்ணீர் வருவது இரண்டில்.
ராத்திரிக்கு நான் ஒருத்தி.

கட்டிலின் கால்மாட்டில் அட்டை தொங்கும்.
இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம்,
இரண்டு மணிக்கு ஒரு கட்டம்.
விடியும்வரைக்கும் எல்லாவற்றுக்கும்
ஒன்பதரைக்கே டிக் அடித்துவிடுவேன்.
சேர்ந்த முதல் வாரம்
கோமளவல்லி அக்கா சொல்லித்தந்தது:
"பேனாவ மாத்தி மாத்தி எழுதுடி,
ஒரே மையில இருந்தா கண்டுபிடிச்சிருவாங்க."

ஏழாம் கட்டில் பக்கிரிசாமி.
பொதுப்பணித்துறையில் லஸ்கர்.
முப்பத்தோரு வருஷம் ஷட்டர் ஏற்றி இறக்கிய கைகளில்
ஒன்றுதான் இப்போது அசையும்.
பேச்சும் பாதி. ஆனால்
அட்டையைப் படிக்கக் கண் இருந்தது.
ஒரு நாள் பத்து மணிக்குக் கூப்பிட்டார்.
"ரெண்டு மணி... இன்னும் வரலியே."
விரல் அந்தக் கட்டத்தின் மேல் இருந்தது.

சிரித்து மழுப்பினேன்.
அவர் சிரிக்கவில்லை.
துண்டு துண்டாய்ச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று:
ஓர் ஐப்பசி மழையில்
மதகடிக்குப் போகாமலே
வீட்டில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாராம்
மூன்றடி நாலங்குலம் என்று.
விடிகிறபோது கீழ்க்கரையில் உடைப்பு.
நோட்டில் மட்டும்
தண்ணீர் அளவாய்ப் போய்க்கொண்டிருந்தது.
"யாரும் கேக்கல," என்றார்.
"கையெழுத்துப் போட்டுட்டாரு ஏ.இ."

அன்றிரவு அவரைப் புரட்டிப் பார்த்தேன்.
வால் எலும்பின் மேல் தோல் செத்து
ஒரு ரூபாய்க் காசளவு கறுத்திருந்தது.
குதிகாலில் இன்னொன்று, சின்னது.
"கடைமடை," என்றார் தலையணைக்குள்ளிருந்து.
"தண்ணி கடைசியா வர்ற எடம்.
மொதல்ல காயறதும் அதான்."

பிறகு ஒரு வாரம் முறை வைத்தேன்.
தானாய்ப் புரளாதவர் ஒன்பது பேர்.
ஒருவருக்கு ஆறு நிமிஷம்,
நனைந்திருந்தால் பதினைந்து.
நடுவில் ஸ்டெல்லா டீச்சர் பாத்ரூமுக்கு எழுந்தால்
ஓட வேண்டும்; சுவரில் கைப்பிடி வைப்பதாய்ப்
பொங்கலிலிருந்து சொல்கிறார் முதலாளி.
அழைப்பு மணியில் பாட்டரி இல்லை.
டம்ளரால் கட்டிலைத் தட்டுவார்கள்.
இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு என்றால்
நூர்ஜஹான் அம்மாள்.
கணக்கை எப்படிப் போட்டாலும்
கடைசிக் கட்டிலுக்கு மணி நாலாகிவிடும்.

ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்த அன்று
புது அட்டைகளும் நாலு பேனாவும் தந்தார் முதலாளி.
ஆடியிலிருந்து எழுத வேண்டும்.
கூடுதலாய் ஐந்நூறு ரூபாய்.
வாங்கிக்கொண்டேன். மறைக்க என்ன இருக்கிறது,
பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது.
பதினேழு கட்டிலுக்கு எழுதினேன்.

ஏழாம் அட்டையில்
புரட்டிய இரவுகளுக்கு மட்டும் டிக்.
மற்றதெல்லாம் வெள்ளையாய் விட்டேன்.
கடைசி வரிசையில், முந்தின ராத்திரி, இரண்டு மணிக் கட்டத்தில்
கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்:
திருப்பவில்லை. ஸ்டெல்லா டீச்சர் விழுந்துவிட்டார்.
நான் ஒருத்தி.

வந்த அதிகாரி அம்மாள் அட்டைகளைப் புரட்டினார்.
ஒவ்வொன்றிலும் பச்சை மையில் ஒரு சுழி.
ஏழாவதில் பேனா நின்றது.
படித்தாரா, மை அடைத்துக்கொண்டதா,
கதவோரம் நின்ற எனக்குத் தெரியவில்லை.
அதற்குள் காப்பி வந்துவிட்டது.

இப்போது மணி ஒன்று ஐம்பது.
முதலாளி இன்னும் என்னைக் கூப்பிடவில்லை.
கைப்பிடியும் வரவில்லை.
கையுறை மாட்டிக்கொண்டு பஞ்சை எடுக்கிறேன்.
"எவ்வளவு?" என்கிறார் பக்கிரிசாமி.
குறைத்துச் சொல்ல வாய் வருகிறது.
"அரை அங்குலம். ஆழம்."

ம், என்கிறார்.
அசைகிற கையால் கட்டில் கம்பியை
எட்டிப் பிடிக்கிறார்,
எனக்குப் பாரம் குறைய.