இன்னதென்று தெரியாத பித்தளை

சிலிக்காப் பொதிகளை நான் எறிவதில்லை.
சப்பாத்துப் பெட்டியில், மருந்துப் போத்தலில்,
எங்கே கிடந்தாலும் பொறுக்கி
வெயிலில் காயவைத்து
பேனாக்களுக்குப் பக்கத்தில் படுக்கவைப்பேன்.
திருகோணமலையில் எதையும் சேர்க்க வேண்டுமென்றால்
முதலில் உப்போடு வழக்காடப் பழக வேண்டும்.
டச்சுக் குடாக் காற்றுக்கு
கிளிப்பின் தங்கப் பூச்சை நக்கித் தீர்க்க
மூன்று மாரி போதும்.

நவ்ஃபரைத் தெரியவந்தது
ஒரு துளி எண்ணெய்க்காக.
என் பேனாவின் உந்துதண்டு இறுகிப்போன நாள் அது.
கிண்ணியாக்காரர். பன்னிரண்டு தூண்டில் ரீல் வைத்திருக்கிறார்;
ஒன்றாலும் ஒரு மீன் பிடித்ததில்லை.
"மீன மாக்கெட்டில வாங்கலாம் புள்ள,
இந்தச் சத்தத்த எங்க வாங்குற?"
என்று கைபிடியை என் காதருகே சுற்றினார்.
பிறேக் போட்டுப் போட்டு ஓடும் ஒரு சில்வண்டு.
அன்றிரவு விலை விசாரித்தேன்.
எனக்கும் இப்போது இரண்டு ரீல் இருக்கிறது.

அவர் சட்டைப் பையில் என் பழைய பேனா.
வங்கியில் வேலைபார்க்கும் ஜெகதாம்பிகையிடம்
ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஐந்து கைக்கடிகாரம்,
போன மாதத்திலிருந்து ஒரு கமெராவும்.
அது பாலையூற்று டெரிக் கொடுத்தது.
டெரிக்கோ இப்போது
நேரம் கேட்டால் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுகிறார்,
நேரம் சொல்வதில்லை.
தடிமன்கூட இவ்வளவு வேகமாகத் தொற்றாது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் தேநீர்க் கடை,
மூன்றாம் ஞாயிறு, கடைசி மேசை.
ஒருமுறை கோட்டைப் பக்கத்து மான் ஒன்று உள்ளே வந்து
ஜெகதாவின் அறுபத்திரண்டாம் ஆண்டுக் கடிகாரத்தின்
உத்தரவாதக் கடதாசியை
முத்திரையோடு சேர்த்து மென்று போனது.
அதற்கும் பழைய சாமான் பிடிக்கும் போல.

அந்த மேசையில்தான் நவ்ஃபர் அதை வைத்தார்.
சீனன்குடாப் பழைய இரும்புக் கடையில்
ரீல் உதிரிகளோடு நிறுத்து வாங்கியது.
தேசிக்காய்ப் பாதியளவு பித்தளை.
விளிம்பெங்கும் மயிரிழை வரிகள்,
விரல் நுனியைக் கடிக்காமல் கவ்வின.
ஓரத்தில் சின்ன நெம்புகோல்.
தள்ளினால் தயங்கி, பிறகு தானாகவே
வந்த வழி திரும்பியது,
மரியாதையாக.

"ரீல்ட இழுவைப் பிடி."
"இல்ல, கப்பல் மணிக்கூட்டின்ர ஏதோ."
"தானா படமெடுக்கிறதுக்குப் பூட்டுறது."
மைப்புட்டியின் அமுக்கி என்று நான்.
தேநீர் ஆறியது.
எவருடையதுமில்லை.
ஆனால் கையை விட்டு வைக்க
எவருக்கும் மனமில்லை.
மாதம் ஒருவர் என்று முடிவாயிற்று.

என் முறை வந்தபோது இரவு வேலை.
பதினொரு மணிக்குமேல் ஒருவரும் கை முறிப்பதில்லை.
எக்ஸ்ரே மேசையில் அதைக் கிடத்தினேன்.
விரலுக்கு வைக்கிற அளவில் வெறும் வெள்ளை வட்டம்.
முழங்காலுக்கு வைக்கிற அளவிலும் வாய் திறக்கவில்லை.
பருத்தவர்களின் இடுப்புக்கு வைப்பதை வைத்தேன்.

சுருள்வில் ஒன்று.
பல்சக்கரம் மூன்று.
அடித்தகட்டில் நான்கு திருகாணி,
நான்கின் பிளவும் ஒரே திசை பார்த்து,
உள்துறையில் நங்கூரமிட்ட வள்ளங்கள்
காற்றுக்கு முகம் கொடுத்து நிற்பதுபோல.

மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள்
யார் பார்ப்பார் என்று
கடைசிக் கால் சுற்றை அளந்து திருகினான் அவன்?
அல்லது அவள்.
கதிரை இழுத்து
நோயாளிக்கு முன் இருப்பதுபோல்
அதன் முன் இருந்தேன்.

ஞாயிறன்று படத்தை வெளிச்சத்தில் பிடித்தோம்.
"சக்கரத்தில எத்தின பல்லு?" என்று எண்ணத் தொடங்கினாள் ஜெகதா.
"எவ்வளவு நேரம் கதிர் விட்டனீர்?" என்று டெரிக்.
நவ்ஃபர் ஒன்றும் கேட்கவில்லை.
வீட்டுக்குப் போய் பன்னிரண்டு ரீலையும் கழற்றி
திருகாணிகளைப் பார்த்ததாக
மறுநாள் தொலைபேசியில் சொன்னார்.

"எத்தனை ஒத்து நிற்கிறது?"

"ஒண்டு," என்றார்.
குரலில் மீன் பிடித்தவனின் களைப்பு.