காலளவு

மூன்று கடைகளின் விலைப்பட்டியல் இணைக்கவும்
என்றது படிவம்.
மெர்பேங்கில் ரப்பர் பூட்ஸ் விற்பது ஒரே கடை,
கோழித்தீவனத்துக்கும் குழாய்ச் சாமானுக்கும் நடுவே.
மற்ற இரண்டு தாளுக்காக
பைன்டவுன் வரை இரண்டு டாக்ஸி மாறினேன்.
அந்தச் சில்லறை
எந்தக் கட்டத்திலும் அடங்காது.

லோகாம்பாள் மூட்லி, பொருளாளர்.
பகலில் மருந்துக் கடையில் மாத்திரை எண்ணுகிறேன்.
இரவில் பிள்ளைகளை எண்ணச் சொன்னது நிதிக்குழு:
பயனாளிகள் எத்தனை பேர்?
ஆண் எத்தனை, பெண் எத்தனை,
எந்த இனம், எந்த வயது?
இருபத்திரண்டு என்று எழுதினேன்.
வாசலில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு
உள்ளே வராமல்
கைப்பிடியில் தாளம் மட்டும் போடும் பையனை
எதில் சேர்ப்பது?
கட்டத்தில் அரைக்கு இடமில்லை.

திட்டத்தை நூற்றைம்பது சொல்லில் விளக்குக.
விளக்கினேன்.
வியாழக்கிழமை, சமூகக் கூடம், ஐந்து மணி.
பிரெனோலனுக்குத் தட்டடவு தெரியும்.
நொம்பிலோ பூட்ஸைத் தட்டி ஆடுவாள்,
சுரங்கத்தில் வாய் திறக்க விடாதவர்கள்
காலால் பேசிக்கொண்ட ஆட்டம்.
ஒருநாள் அவளுடைய பூட்ஸைக் கடன் வாங்கி
தையா தை என்று மிதித்தான் அவன்.
தகரக் கூரை திரும்பச் சொன்னது.
அன்றிலிருந்து ஒருவருக்கும்
வெறுங்கால் போதவில்லை.

இன்னும் சொற்கள் மிச்சமிருந்தன.
சுத்திகரிப்பு ஆலையின் நாற்றம் வரும் மாலைகளில்
ஜன்னலைச் சாத்திவிட்டு ஆடுவார்கள் என்று சேர்த்தேன்;
பிறகு அழித்தேன்.
இரக்கம் கேட்கிற மாதிரி இருந்தது.

நிதி முடிந்தபின் திட்டம் எப்படித் தொடரும்?
நிதி வருமுன் எப்படித் தொடர்ந்ததோ
அப்படி.
அதையும் அழித்தேன்.

கால் அளவு எடுத்தது ஒரு சனிக்கிழமை.
செய்தித்தாளில் நிற்க வைத்து
பேனாவால் சுற்றி வரைந்தோம்.
கூச்சத்தில் சிரித்த கால்கள்.
நான்கு, ஐந்து, ஐந்து, மூன்று.
நொம்பிலோ ஐந்து. பிரெனோலன் ஆறு.

பதினேழு மாதம்.
ஒருமுறை கோப்பு தொலைந்தது.
ஒருமுறை கோப்பு கிடைத்தது,
ஒரு கையொப்பம் குறைந்தது.

பணம் வந்தது மார்ச் இருபத்தேழு.
முப்பத்தொன்றுக்குள் செலவாகாவிட்டால்
வந்த வழியே போய்விடும்.
அளவுகளை மாற்றலாமா என்று போனில் கேட்டேன்.
அனுமதித்த பட்டியலில் திருத்தம் கூடாது, மேடம்.
நல்ல குரல் அந்தப் பெண்ணுக்கு.
அவளிடமும் யாரோ கணக்குக் கேட்பார்கள்.

பெட்டி பிரித்தோம்.
கூடம் முழுக்கப் புது ரப்பர் வாசம்.
நொம்பிலோவின் குதிகால் உள்ளே போகவில்லை.
பிரெனோலன் பாதி நுழைத்து,
நொண்டி, விழுந்து, சிரித்து,
கழற்றி வைத்தான்.
இப்போது அவன் ஒன்பது;
சிரிப்பும் உடைந்த குரலில்.
நான்கு பேர் வரவே இல்லை.
அதில் ஒருத்தி மாலில் கல்லாவில் நிற்கிறாள்,
வியாழக்கிழமைதான் நீண்ட ஷிஃப்ட்.

அடுத்து நடந்தது
எந்த விண்ணப்பத்திலும் நான் எழுதாதது.
அக்காவை அழைத்துப்போக வந்த தங்கைகள்,
அண்ணனின் பையைத் தூக்கிவந்த தம்பிகள்,
வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு அந்தப் பையன்,
ஆளுக்கொரு ஜோடி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.
சரியாக இருந்தது.
பெரியவர்கள் சிமெண்டில் வெறுங்காலோடு,
சிறியவர்கள் இடியோடு.
எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று.
பூட்ஸ் போட்டிருந்தவர்களில் பெரும்பாலோர்
பட்டியலில் இல்லாதவர்கள்.
ஆதாரத்துக்குப் புகைப்படம் வேண்டும்:
முழங்காலுக்குக் கீழே எடுத்தேன்.

இறுதி அறிக்கை, கேள்வி பதினொன்று.
இந்த நிதியால் நிகழ்ந்த மாற்றம் என்ன?
அளந்து கூறுக.
நூலகக் கணினியில் எனக்கு இன்னும் ஆறு நிமிடம்.
ஐந்து ஏழானது, ஆறு ஒன்பதானது
என்று எழுதினேன்.
பொய்யில்லை,
நிதியால்தான் என்று சொல்ல முடியாவிட்டாலும்.

மீதம் பதினொரு ராண்ட் நாற்பது சென்ட்.
திருப்பி அனுப்பவேண்டுமாம்.
வங்கிக் கட்டணம் பன்னிரண்டு.