இடம் குறிப்பிடப்படாதது

மூலக்கடையில் செல்போன் கடைக்கு மேலே
பதினெட்டு நாற்காலி, பன்னிரண்டு பேர்,
மெடிக்கல் கோடிங், மாலை பேட்ச்.
"சொல்லை மனப்பாடம் பண்ணாதீங்க,
மீன் மாதிரி வெட்டுங்க" என்பார் ஜெசிந்தா மிஸ்.
தலை, நடுத்துண்டு, வால்.

நெஃப்ரோ தலை. ஐட்டிஸ் வால்.
சிஸ்டோ என்றால் பை.
யூரியா என்று முடிந்தால் சங்கதி மூத்திரத்தில்.
எனக்கு மணலி உர மூட்டை ஞாபகம் வந்து
சிரித்துவிட்டேன். மிஸ் சிரிக்கவில்லை.

சிறுநீரகம் வரைந்தேன்.
வலது கொஞ்சம் இறங்கியிருக்கும்,
மேலே கல்லீரல் உட்கார்ந்திருப்பதால்.
ஹவுஸ் ஓனர் மாடியில் இருந்தால்
கீழே நாம் குனிந்து நடப்பதுபோல.

யூரிட்டர், யூரித்ரா.
ஒரு வாரம் மாற்றி மாற்றி எழுதித் தொலைத்தேன்.
அப்புறம் பிடிபட்டது:
யூரிட்டர் இரண்டு, தொட்டிக்கு வரும் குழாய்கள்.
யூரித்ரா ஒன்றே ஒன்று, கணேசபுரம் சப்வே.
ஒரு மழைக்கு அடைத்துக்கொண்டால்
வியாசர்பாடியே நிற்கும்.

பெண்களுக்கு அதன் நீளம் நான்கு சென்டிமீட்டர்.
ஸ்கேல் வைத்து நோட்டில் கோடு போட்டேன்.
முந்தானைக்குக் குத்துகிற ஊக்கு அளவு.
இதை வைத்துக்கொண்டா
எம்.சி. ரோடு புடவைக் கடையில்
ஆறு வருஷம் நின்றேன்?

லேடீஸ் டாய்லெட் தரைத்தளத்தில்,
சாவி கேஷியரிடம், நாங்கள் மூன்றாம் மாடியில்.
ஆடித் தள்ளுபடியில் போய்க் கேட்டால்
தணிகாசலம் வாட்சைப் பார்ப்பார்,
வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்.
அதனால் தண்ணீரை நிறுத்தினோம்.
ஷம்ஷாத் பாட்டில் மூடியில் ஊற்றி
ஒரு மூடி குடிப்பாள்,
நாக்கு ஒட்டிக்கொண்டால்
பார்டர் ஜரிகை பற்றிப் பேச வராது.

முன்னூறு மில்லி சேர்ந்தால்
மூளைக்குச் சேதி போகும் என்கிறது புத்தகம்.
போனது.
பதிலும் வந்தது: கஸ்டமர் இருக்காங்க.

டிஸ்யூரியா, எரிந்து போவது.
ஆலிகூரியா, குறைந்து போவது.
ஹெமச்சூரியா, ரத்தத்தோடு.
"மிளகாய்த்தூள்டி" என்பாள் ஷம்ஷாத்,
மூன்றுக்கும் சேர்த்து.
ஸ்டான்லி ஓ.பி. சீட்டில் யூ.டி.ஐ. என்று எழுதித் தந்தார்கள்.
ஏதோ பேங்க் என்று நினைத்தோம்.

நேற்று தேர்வு.
பெண், வயது இருபத்தாறு, எரிச்சல், காய்ச்சல்,
தொழில் விற்பனை.
கோட் தெரியும்: என் முப்பத்தொன்பது, புள்ளி, சைபர்.
அந்த ஆங்கில எழுத்து
தமிழ் 'என்' போலத்தான் என் காதில் விழும்.
சிறுநீர்ப்பாதைத் தொற்று, இடம் குறிப்பிடப்படாதது.
அடித்தேன். பச்சை விழுந்தது.

இடம் எனக்குத் தெரியுமே மிஸ், என்றேன்.
மூன்றாம் மாடி, பட்டுப் பிரிவு,
ஆளுயரக் கண்ணாடிக்கு இடப்பக்கம்.
எழுத எங்கேயாவது கட்டம் இருக்கா?

"அதுக்கு கட்டம் இல்லம்மா."
கொஞ்சம் பொறுத்து, "அடுத்த கேஸ் போ."

ஆண், வயது ஐம்பத்தெட்டு.
கல், ஆறு மில்லிமீட்டர்.
இடது யூரிட்டர், கீழ்ப்பகுதி என்று
இடம் போட்டிருந்தது.