கல்முனையில் ஒரு கம்பளிக் கோட்டு

பஸ் நிலையத்துக்குப் பின்னால்
பேல் உடுப்புக் கடையில்,
முப்பத்தி நாலு பாகை வெயிலில்,
கம்பளிக் கோட்டொன்றுக்குள் நிற்கிறேன்.
காற்றாடி சுற்றுகிறது, என்னைத் தவிர்த்து.

முழங்கால் வரை நீளம். சாம்பல் நிறம்,
மாரியில் சம்மாந்துறை வயல்மேல்
கவிழ்ந்து கிடக்குமே, அந்தச் சாம்பல்.
பொத்தான்களில் ஒன்று மட்டும் வேறு சாதி.

"தோளைப் பாருங்க" என்கிறார் பைறூஸ்.
"கையை வெட்டலாம், நீளத்தை வெட்டலாம்.
தோளை வெட்டினா ஆள் போயிடும்."

உள்பையில் ஒரு பழைய பயணச் சீட்டு.
தெரியாத எழுத்து, நடுவில் ஒரு துளை.
இதைப் போட்டவன் எங்கோ இறங்கியிருக்கிறான்.
கோட்டுக்குக் குளிர் பழக்கம்.
எனக்குத்தான் முதல் தடவை.

ரீகாவிலிருந்து ஜெஸ்மீர் அனுப்பியவை
பதினொரு குரல்பதிவுகள்.
நிந்தவூரில் பெருநாளைக்கும்
சேட்டை அயன் பண்ணாதவன்
இப்போ எனக்கு உடுப்புப் பாடம் எடுக்கிறான்:

"பருத்தி வேணாம் மச்சான். வேர்வையைக் குடிச்சிட்டு
அதையே ஐஸாக்கித் திருப்பித் தரும்.
உடம்போட ஒட்டினாப்போல ஒண்டு,
அதுக்கு மேல கம்பளி,
எல்லாத்துக்கும் மேல காத்துப் புகாத ஒண்டு.
சப்பாத்து ஒரு சைஸ் கூட எடு.
விரலுக்கும் தோலுக்கும் நடுவில
கொஞ்சம் காத்து இரிக்கணும்.
அந்தக் காத்துதான் போர்வை."

பேச்சுக்குப் பின்னால் அவன் பனியில் நடக்கும் சத்தம்,
பச்சை அவலை யாரோ வாய் திறந்து மெல்வதைப்போல.

அழகைப் பற்றி ஒரு பதிவிலும் சொல்லவில்லை.
எனக்கு அதுவும் வேண்டும்.
மரம் அறுக்கத்தான் போகிறேன்,
ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது
ஓர் ஆள் வந்திருக்கிறான் என்று
அந்த ஊர் ஒரு தடவையாவது திரும்ப வேண்டும்.

கழுத்துத் துண்டு கரும்பச்சை, சில்மியாவின் தெரிவு.
மூன்று விதமாகக் கட்டிப் பார்த்தாள்.
முதலாவதில், தொண்டை நோவுக்காரன்.
இரண்டாவதில், கலியாண வீட்டில்
சகன் போதுமா என்று ஓடித் திரிபவன்.
மூன்றாவதில் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நுனியைக் கோட்டுக்குள் செருகிவிட்டு
கையை எடுக்க மறந்து நின்றாள்.

மறுகா,
சோதிக்காமல் ஒரு கோட்டை எப்படி நம்புவது?
மாளிகைக்காட்டு ஐஸ் வாடிக்குப் போனேன்.
தங்கவடிவேல் கதவைத் திறந்து
ஒரு கணம் பார்த்தான்.
"யாருடா மௌத்து?" என்றான், பாதிச் சிரிப்பில்.

உள்ளே வரிசையாக ஐஸ் கட்டிகள்,
விசாவுக்கு நிற்பவர்களைப்போல
அசையாமல், மூச்சுப் புகைய.
கண்ணாடி இல்லை.
பெரிய கட்டியொன்றில்
மங்கலாக ஒருவன் தெரிந்தான்.
இடுப்பு ஒடுங்கி, தோள் விரிந்து,
என்னை விடக் கொஞ்சம் உயரமாக.

பத்து நிமிடம்.
நெஞ்சு சூடு. முதுகு சூடு. விரல்கள் சூடு.
மூக்கு மட்டும் தனியே வெளிநாட்டில்.

அவனோ, மடித்துக் கட்டின சாரனும்
கிழிந்த பனியனுமாக,
வெறுங்காலோடு ஒரு கட்டியைக்
கொக்கியில் மாட்டி இழுத்துப் போனான்.
"அங்க ஐஸ் இழுக்கிற வேலை இருந்தா சொல்லு" என்றான்.
"இப்பிடியே வாறன்."

கோட்டு முழுக்க இப்போது சூரை மீன் மணம்.
கழுவு என்கிறாள் சில்மியா.
கழுவினால் சுருங்கும் என்கிறான் ஜெஸ்மீர்,
பன்னிரண்டாவது பதிவில்.

கொடியில் போட்டிருக்கிறேன்.
கடற்காற்று கை இரண்டிலும் புகுந்து
அதை யாரோ போட்டிருப்பதாகக் காட்டுகிறது.
கீழே, அந்த நிழலில்,
வெயிலுக்கு ஒதுங்கின ஒரு கோழி
இறகை உப்பிக்கொண்டு படுத்திருக்கிறது.